கம்பளியா, கறியா: நாலு ஏக்கர் செம்மண்ணுக்கு எந்தச் செம்மறி?

போன மாசியில் பாரிசிலிருந்து அத்தை மகன் ஒரு படம் அனுப்பினான். கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க, கண்ணை மூடுகிற அளவுக்கு ரோமம் மண்டிய ஒரு கிடா. கூடவே குரல் செய்தி: "மச்சான், நம்ம நிலத்துல இதை வுட்டா என்ன?"

நம்ம நிலம் என்று அவன் சொல்வது பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவில் கிடக்கும் நாலு ஏக்கர். மாமா வைத்த முந்திரி அது. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரை ஏறியபோது முக்கால்வாசி மரம் வேரோடு சாய்ந்தது. பிறகு ஊன்றிய கன்றுகளில் பாதிதான் தேறின. மிச்ச இடத்தில் அருகும் கோரையும் மண்டிக் கிடக்கின்றன. அத்தை மகன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் புதுச்சேரி வீட்டுக்கே வந்துவிடப் போகிறான். பென்ஷன் வரும், பொழுதும் போக வேண்டும், நிலத்திலிருந்து நாலு காசும் வர வேண்டும். ஆடு என்பது வரைக்கும் அவனே முடிவு கட்டிவிட்டான். எந்த ஆடு என்று மட்டும் என்னைக் கேட்கிறான், பதினோரு வருஷமாகப் பட்டி வைத்திருப்பவன் என்பதால். அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

வெள்ளாட்டை முதலிலேயே தள்ளிவிட்டோம். இளம் முந்திரிக் கன்று நிற்கிற நிலத்தில் வெள்ளாட்டை விட்டால் ஒரு வாரத்தில் கன்றுக்குப் பதில் குச்சிதான் நிற்கும். செம்மறி தலையைக் குனிந்து தரையை மேயும். முந்திரிக்கு அடியில் புல் மண்டாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆக, செம்மறி. அதில் கம்பளிக்கா, கறிக்கா?

அவன் அனுப்பிய படத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அவன் ராம்பூயே என்கிறான், நம் ஊர் கால்நடைப் புத்தகங்களில் ராம்புல்லே. பாரிசுக்குத் தென்மேற்கே உள்ள ஊரின் பெயர்தான் ஆட்டுக்கும். மெல்லிய கம்பளிக்குப் பேர் போன மெரினோ ஆட்டை வெளியே விடாமல் ஸ்பெயின் நூற்றாண்டுக்கணக்கில் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 1786-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, ஸ்பெயின் மன்னரிடம் கேட்டு வாங்கி, முன்னூறுக்கும் மேற்பட்ட மெரினோக்களை நடத்தியே கூட்டிவரச் செய்து அந்த ஊர்ப் பண்ணையில் விட்டார். மன்னர் தலை போயிற்று, மந்தை இன்னும் அங்கேயே இருக்கிறது, வெளி ரத்தம் கலக்காமல். அந்த வகை ஆடுதான் பின்னாளில் இந்தியாவுக்கும் வந்தது. 1962-இல் ராஜஸ்தானின் அவிகாநகரில் தொடங்கிய மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம், சோக்லா, நாலி போன்ற வடநாட்டு ஆடுகளோடு ராம்புல்லே, மெரினோ கிடாக்களைச் சேர்த்துத்தான் பாரத் மெரினோ என்ற கம்பளி ஆட்டை உருவாக்கியது. அந்த நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் புல்மேட்டில் வெள்ளை ஆடுகளோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்களே, அதே இடம்.

"அப்ப தமிழ்நாட்டுல வளருதுல்ல?" என்றான் உடனே. வளருகிறது, சுமார் 2000 மீட்டர் உயரத்தில். நம் நிலத்திலிருந்து கடல் எத்தனை கிலோமீட்டர் என்று அவனே எண்ணிப் பார்க்கட்டும்.

கம்பளிக்கு ஆடு மட்டும் இருந்தால் போதாது. ஆஸ்திரேலியாவுக்கு 1797-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்பிலிருந்து கப்பலில் மெரினோ போனது. அங்கே வறண்ட வெயில், வேலி போட்டு மாளாத நிலம், இங்கிலாந்து ஆலைகளின் தீராத பசி, மூன்றும் கூடியதால்தான் ஒரு தேசமே ஆட்டு முதுகில் சவாரி செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. அப்படிப்பட்ட நாட்டுக்கே என்ன ஆயிற்று? கம்பளிக்கு அடித்தள விலை வைத்து அரசு வாரியமே வாங்கிக் குவித்தது. விலையைப் பார்த்து ஆட்டைப் பெருக்கினார்கள்; 1990 வாக்கில் மந்தை 17 கோடியைத் தொட்டது. வாங்க ஆளில்லாமல் கிடங்கில் 47 லட்சம் பேல் (கம்பளி மூட்டை) தேங்கியதும், 1991 பிப்ரவரியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். தீனி போட்டுக் கட்டுப்படியாகாத ஆடுகளை லட்சக்கணக்கில் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். இன்று அங்கே இருப்பது அந்த எண்ணிக்கையில் பாதிக்கும் கீழே. நியூசிலாந்திலும் இதே கதைதான். 1982-இல் 7 கோடி ஆடு இருந்த நாடு, இப்போது அதில் மூன்றில் ஒரு பங்கோடு நிற்கிறது. முரட்டு ரோமத்தை வெட்டும் கூலிக்கே அதன் விலை பற்றவில்லை என்று அங்குள்ள விவசாயிகள் புலம்பிய வருஷங்கள் உண்டு. அத்தனை பெரிய மந்தைக்காரர்கள் கறிப்பக்கம் திரும்பிவிட்டபோது, குறிஞ்சிப்பாடியில் நாம் கம்பளிப்பக்கம் திரும்புவானேன்?

நம் நாட்டுக் கணக்கு இன்னும் மோசம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 7.4 கோடி செம்மறிகள், தமிழ்நாட்டில் 45 லட்சம். ஆடு ஒன்றுக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் ரோமம் சராசரியாக ஒரு கிலோவுக்கும் குறைவு. நல்ல மெரினோ நாலு, ஐந்து கிலோ தரும். தரத்தைப் பார்த்தால், இந்தியக் கம்பளியில் சுமார் 85 சதவீதம் கம்பள விரிப்புக்குத்தான் ஆகும். உடுத்தும் துணிக்குத் தேறுவது 5 சதவீதம்தான். மெல்லிய கம்பளியை ஆஸ்திரேலியாவிலிருந்து இறக்குமதி செய்கிறோம். இழையின் பருமனை மைக்ரானில் அளப்பார்கள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெரினோ இழை 24 மைக்ரானுக்குக் கீழே, விரிப்புக்குப் போவது 30-க்கு மேலே. இந்த ஆறேழு மைக்ரான் வித்தியாசத்தில்தான் உடம்பில் உடுத்துவதா, காலில் மிதிப்பதா என்பது இருக்கிறது.

இதைச் சரிசெய்ய முயலாமல் இருந்தார்களா? ஹிசார் பண்ணையில் பிக்கானீர் ஆட்டோடு ஆஸ்திரேலிய மெரினோவைச் சேர்த்து ஹிசார்டேல் வந்தது. காஷ்மீரில் காஷ்மீர் மெரினோ வந்தது. நம் நீலகிரியிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு தாஸ்மேனிய மெரினோவும் செவியட்டும் சவுத்டவுனும் கலந்து நீலகிரிச் செம்மறி உருவானது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே அதன் நிலைமை தெரியும். குளிர் உள்ள இடத்தில் கலப்பு நின்றது, சமவெளியில் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எனக்கு இல்லை. பட்டி ஆரம்பித்த இரண்டாம் வருஷம் ஒரு தரகர் பேச்சைக் கேட்டு, மலையிலிருந்து இறக்கியது என்று சொன்ன ஆறு கலப்பு ஆடுகளை வாங்கினேன். கோடையை ஒருமாதிரி இரைத்துக்கொண்டே தாண்டின. ஐப்பசி பிறந்தது. கடலூர் மாவட்டத்து மழை உங்களுக்குத் தெரியும், வருஷத்துக்குப் பெய்ய வேண்டியதில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவம் இரண்டு மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும். நாட்டு ஆடு நனைந்தால் ஒரு உதறு உதறும், அரைமணி வெயிலில் காய்ந்துவிடும். இந்த ஆறும் நனைந்த மெத்தை மாதிரி நின்றன. நாலாம் நாள் ஒன்றன் வால்பக்கத்து ரோமம் சொதசொதவென்று இருப்பதைக் கண்டு பிரித்துப் பார்த்தேன். உள்ளே தோலோடு தோலாகப் புழு நெளிந்துகொண்டிருந்தது. ஈ முட்டை வைத்திருக்கிறது, ரோமம் மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை. கத்தரித்து, கழுவி, மருந்து வைத்து ஒன்றைத் தேற்றினால் அடுத்தது குளம்பு அழுகி நொண்டுகிறது. கார்த்திகை முடிவதற்குள் நாலு போயிற்று. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த வருஷம் அழுதவன் நான்.

புழு, குளம்பெல்லாம் போக, நீலநாக்கு நோய் ஒன்று இருக்கிறது. மழைக்காலத்தில் சின்னஞ்சிறு கடிபூச்சி பரப்புவது. 1997-98-இல் தமிழகத்தில் மந்தை மந்தையாக ஆடுகளை வாரிக்கொண்டு போனது. நாட்டு ஆட்டுக்கும் வரும்தான், ஆனால் வெளிநாட்டு ரத்தம் கூடக் கூட ஆபத்தும் கூடும். எனவே மெல்லிய கம்பளி என்பது நமக்குக் கிடையாது. பாரத் மெரினோ நல்ல ஆடு. அதற்கு மன்னவனூர்தான் ஊர்.

கம்பளி ஆடே வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களுக்கு, மலை ஏறாமலே ஒரு வழி இருக்கிறது. திருச்சி கருப்பு. ஊரில் கருங்குறும்பை என்பார்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆடு. பழைய தென்னாற்காட்டின் கள்ளக்குறிச்சித் தாலுகாவும் அதன் பூர்வீகத்தில் சேர்த்தி. அதாவது கடலூர் கலெக்டர் ஆண்ட மண்ணிலேயே கம்பளி ஆடு இருந்திருக்கிறது. உடம்பு சின்னது, பெட்டை இருபது கிலோவை எட்டுவதே பெரிய காரியம். உடம்பு முழுக்கக் கறுப்பு. வெயிலுக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகிய பிறவி.

பெரம்பலூர் பக்கம் ஒரு பட்டியில் மயிர் வெட்டைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் ஏரியில் இறக்கி ஒவ்வொன்றாகக் கழுவி விடுகிறார்கள். மறுநாள் ஆட்டைச் சாய்த்து முன்னங்காலையும் பின்னங்காலையும் சேர்த்துக் கட்டி, வயிற்றோரத்தில் கத்தரியை நுழைக்கிறார் ஒரு பெரியவர். கறுப்பு ரோமம் உதிரியாக விழவில்லை. பாய் சுருட்டுவதுபோல ஒரே வாட்டமாகப் பிரிந்து வருகிறது. அதில் நெருஞ்சி முள், புழுக்கை, காய்ந்த சேறு எல்லாம் ஒட்டியிருக்கிறது. கையில் எடுத்தால் விரலில் பிசுக்கு ஒட்டுகிறது. அந்தப் பிசுக்குத்தான் கம்பளிக்கு உயிர். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. இழையாக நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு, குறும்பர் வீடுகளில் நெய்த கம்பளியை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டால் ஆடு மேய்ப்பவன் அடைமழையிலும் நின்றுகொண்டே தூங்கலாம். இன்று அந்தக் கொங்காணி இடத்தில் யூரியா சாக்கு வந்துவிட்டது. "வெட்டுக்கூலி போவ என்னங்கய்யா மிஞ்சும்?" என்று கேட்டேன். "மயிருதான் மிஞ்சும்" என்றார் பெரியவர், தலை நிமிராமல்.

அவர் சொன்னதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நூறு ஆடு, தலைக்கு 900 கிராம், ஆக 90 கிலோ. முரட்டு ரோமத்துக்குக் கிலோ 50 ரூபாய் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். 4,500 ரூபாய். நூறு ஆட்டுக்கு வருஷத்தில் இரண்டு தடவை வெட்டுக்கூலி அதிலிருந்து போக வேண்டும். வாங்க ஆள் யார்? கம்பளிக்குப் பெரிய மண்டி ராஜஸ்தானின் பிக்கானீரில், விரிப்பு நெய்வது உத்தரப் பிரதேசத்தின் பதோஹியில். இங்கிருந்து லாரி வைத்தா அனுப்புவது? அதே பட்டியிலிருந்து ஒரு குட்டியைக் கறிக்கு விற்றால் அந்த 4,500 ஒரே வெள்ளிக்கிழமைச் சந்தையில் கைக்கு வந்துவிடும்.

ஆகவே கருங்குறும்பையை வாங்குவதானால் கம்பளியை வரும்படியில் சேர்க்காமல் வாங்க வேண்டும். அந்த இனம் அருகி வருகிறது, வைத்துக்கொள்ள ஆசை என்றால் மூன்று, நாலு வைத்துக்கொள்ளலாம். எனக்கே அந்த ஆசை உண்டு, மறைப்பானேன்.

இனி கறி ஆடு. இதில்தான் உண்மையான போட்டி. தமிழ்நாட்டில் கம்பளி இல்லாத இனங்களே அதிகம். ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், கீழக்கரிசல் எல்லாம் தெற்கத்தி ஆடுகள். அவற்றை இங்கே கொண்டுவந்து பழக்குவது வேண்டாத வேலை. நமக்கு இரண்டுதான்: மேச்சேரி, மெட்ராஸ் சிவப்பு.

மேச்சேரி சேலம், ஈரோடு, கரூர்ப் பக்கம். இளம்பழுப்பு நிறம், கிடாவுக்கும் கொம்பு கிடையாது. சேலம் பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோலுக்குப் பேர் போன ஆடு, தோல் பதனிடுகிறவர்கள் தேடி வாங்குவார்கள். எல்லாரும் இதைச் சொல்லித்தான் மேச்சேரியைப் பரிந்துரைக்கிறார்கள். நான் கேட்பது ஒன்றே: ஆட்டை உயிரோடு விற்கிற நமக்கு அந்தத் தோல்காசில் எவ்வளவு வரும்? எனக்குத் தெரிந்து எந்த வியாபாரியும் இது மேச்சேரித் தோல் என்று நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்ததில்லை. கறிக்கடைக்காரருக்கும் தோல் மண்டிக்கும் நடுவில் அந்த லாபம் நின்றுவிடுகிறது. கொம்பில்லாதது ஒரு வசதி, முட்டி மோதிக் காயப்படுவது குறையும். மற்றபடி அது கொங்கு நாட்டு வறட்சியில் வளர்ந்த ஆடு. நம் ஈரத்துக்கு வந்து பழக ஒரு மழைக்காலம் பிடிக்கும், அந்த மழைக்காலத்தில் சில உருப்படி போகும்.

மெட்ராஸ் சிவப்பு நம் ஆடு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூரிலிருந்து விழுப்புரம், கடலூர் வரைக்கும் இதன் வட்டாரம். செம்பழுப்பு நிறம், சிலதுக்கு நெற்றியிலும் தொடை உள்பக்கத்திலும் வெள்ளை. கிடாவுக்கு வரிவரியாகப் பின்னோக்கி வளைந்த கொம்பு, பெட்டைக்குக் கொம்பில்லை. வளர்ந்த கிடா 35 கிலோ வரை நிற்கும், ஆறு மாதக் குட்டி 13, 14 கிலோ. பெரிய ஆடு அல்ல. யூடியூபில் காட்டுகிற ராட்சதக் கிடாக்களைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் பெருமழையில் நனைந்து, மறுநாள் அறுவடை முடிந்த வயலில் நடந்து, கிடைத்ததைத் தின்று, ஐந்து மாதச் சினை தாங்கிக் குட்டி போட வேண்டிய ஆடு இது. பெரும்பாலும் ஒரு குட்டிதான். தீனி சரியாக இருந்தால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம்; எடுக்கலாம் என்கிறேன், எடுத்தே தீரும் என்று சொல்லவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மெட்ராஸ் சிவப்பு என்று சொல்லி விற்கிற ஆட்டில் பாதி கலப்பு. வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு எல்லாத் திசையிலிருந்தும் ஆடு வரும், தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்திய வாரங்களில் கால் வைக்க இடமிருக்காது. விற்க அது நல்ல இடம். இனப்பெருக்கத்துக்கு வாங்க அது இடமில்லை. எந்தப் பட்டியின் எந்த நோயைக் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று தெரியாது. பெட்டைகளைப் பக்கத்து ஊர்ப் பட்டிகளில், தாயையும் குட்டியையும் சேர்த்துப் பார்த்து வாங்கலாம். கிடாவை மட்டும் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் மாதிரி இனம் காக்கிற இடத்தில் பதிவு செய்து வைத்தாவது வாங்க வேண்டும். பட்டியில் பாதி ரத்தம் அந்த ஒரு கிடாதானே. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றவும் வேண்டும், இல்லாவிட்டால் அது தன் மகள்களையே சேரும், குட்டி சவலையாகும்.

ஆடே வாங்காமல் ஆட்டுப் பலனை எடுக்கிற வழியும் இருக்கிறது. ஊர் ஊராக ஆடு ஓட்டிப் போகிற கீதாரிகள் மந்தையோடு வருகிற காலத்தில் கூப்பிட்டு, எருவுக்காக ராத்திரி நம் நிலத்தில் ஆட்டை அடைத்து வைக்க, அதாவது கிடை போடச் சொல்லலாம். ராத்திரிக்கு இவ்வளவு என்று பணமோ நெல்லோ கொடுத்தால் போதும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்பார்கள், முந்திரி மரத்தடியில் அது கண்கூடாகத் தெரியும். செலவு குறைவு, தலைவலி இல்லை. ஆனால் அவனுக்குப் பொழுது போகாது. அவன் கேட்டதில் பாதி அதுதான்.

ஆகவே என் கணக்கு: மெட்ராஸ் சிவப்பு, இருபது பெட்டை, ஒரு கிடா. இதற்கு மேல் வேண்டாம் என்று சொன்னதில் அவனுக்கு வருத்தம். தேசியக் கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா வைத்தால் பாதி மானியம், 10 லட்சம் வரை கிடைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறான். உண்மைதான், 500 பெட்டை வரைக்கும் அந்தத் திட்டம் போகிறது. நாலு ஏக்கரில், அதுவும் முந்திரி நிற்கிற நாலு ஏக்கரில், நூறு ஆட்டுக்குத் தீனி எங்கே? கடலைக்கொடியும் உளுந்துப் பொட்டும் சீசனில் மலிவு, சீசன் முடிந்தால் எட்டாத விலை. ஓரத்தில் தீவனத்துக்கு அகத்தியும் வேலிமசாலும் ஊன்றி, அரை ஏக்கரில் கம்பு நேப்பியர் புல் போட்டால் இருபது ஆடு தாங்கும். அது தாங்கட்டும், பிறகு பார்க்கலாம்.

வந்த பிறகு அவன் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று. ஆட்டின் கீழ்க்கண் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்ப்பது. உள்ளே நல்ல சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்து, காகிதம் மாதிரி இருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு மருந்து, ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி, மழையில் நிற்க உயரமான பரண். முந்திரிக்குத் தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்காக மருந்து அடித்தால் சில நாள் ஆட்டை அந்தப் பக்கமே விடக்கூடாது. எல்லாவற்றையும்விட வேலி. ஊர் நாய் நாலு சேர்ந்தால் ஒரு ராத்திரியில் பத்து ஆட்டைக் கடித்துப் போட்டுவிடும், சிறுத்தை தேவையில்லை. சந்தேகத்துக்குக் கடலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது, அவன் வீட்டுக்குப் பக்கம் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "ரெண்டே ரெண்டு கருங்குறும்பை மட்டும் வெச்சிக்கிறேன் மச்சான், அந்த மயிர்ல எனக்கு ஒரு கொங்காணி நெய்ஞ்சித் தருவாங்களா?" என்றான். பெரம்பலூர்ப் பெரியவரின் நம்பர் என்னிடம் இருக்கிறது. ஐப்பசியில் ஆடு வாங்காதே, தை பிறக்கட்டும் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.